அந்தக் கூடை கடலுக்குப் போகவில்லை

கதிர்வேலன் துணை.

என் ராசாவுக்கு அம்மா எழுதுவது. உன் கடிதம் நேற்று மத்தியானம் தப்பால்காரர் கையில் வந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுத உட்கார்ந்த பிறகும் எழுந்து போய் அரிசிப் பெட்டியின் மூடியை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்புக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். பாம்பு உன் வீட்டில்; குனிந்து பார்ப்பது நான். நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கு விடுகிறது. அதெல்லாம் பிறகு. இந்தக் கடிதம் இன்றைக்குத் தப்பால் பை கட்டுவதற்குள் ஆபீசுக்குப் போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும்.

நீ எழுதியதை நான் சரியாகத்தான் வாங்கிக்கொண்டேனா என்று சொல்லிப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் உனக்குக் கொடுத்திருக்கிற வீட்டின் பின்னால், மண் சரியாமல் இருக்கக் கட்டிய கல்கட்டில் ஒரு நாகம் குடியிருக்கிறது. அது வந்துபோவதை நீயும் பார்த்தாய், சரசுவும் பார்த்தாள். சரசு வெள்ளிக்கிழமை தோறும் கல்லிடுக்கில் பாலும் முட்டையும் வைக்கிறாள். பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள். பின்வாசல் படியில் வெயில் விழுந்தால் அங்கேதான் போகிறாளாம். கீழே லயத்து வரிசை வீடுகளிலிருந்து இரண்டு பேர் கம்போடு வந்தபோது, அடித்தால் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சரசு சொல்லிவிட்டாள். இப்போது எல்லாரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறீர்கள். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நம் வீட்டில் செய்தது போல, வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைப் பிடித்துக் கூடையில் வைத்து ஆற்றில் விட்டுவிடுவது. பாவமும் இல்லை, பயமும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். 'அது கடலுக்குப் போய்விடும் என்று அப்பா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறதம்மா' என்றும் எழுதியிருக்கிறாய். என்னிடம் கேட்பது ஒரு வார்த்தைதான். அம்மாவும் சரி என்று எழுதிவிட்டால் சரசுவுக்கு மனம் ஆறும்.

அந்த ஒரு வார்த்தையை நான் எழுத மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு காகிதம்.

முதலில் நான் சரசுவின் பக்கம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் நானும் அவள்தான். மேல் மலையில் குளிருக்கு நாகம் கிடையாது. கீழே இறங்க இறங்கத்தான் கண்ணில் படும். நான் கலியாணமாகி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது ஒற்றையடிப் பாதை திரும்புகிற இடத்தில் ஒரு புற்று இருந்தது, நீ பார்த்திருக்கிறாய். அதில் இருந்த நாகம் யாரையும் ஒன்றும் செய்ததில்லை. கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் கூடையைத் தலையில் மாட்டியபடியே ஒரு நொடி நின்று கும்பிட்டுப் போவார்கள். அது வெயில் காய்ந்தால் இவர்கள் சுற்றிப் போவார்கள். இவர்கள் சத்தம் கேட்டால் அது உள்ளே போய்விடும். எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடமில்லை. தேவாரப் புத்தகத்தில் மனப்பாடமாகத் தெரிந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுத்தான் நான் வாசிக்கப் படித்தேன். சாமியின் கழுத்தில் இருக்கிறதைக் கல்லால் அடிக்க எனக்கு எந்தக் காலத்திலும் கை வந்ததில்லை. சரசுவை நீ பட்டிக்காடு என்று எழுதியிருக்கிறாயே, அந்த வார்த்தையை நீ எனக்குத்தான் எழுதினாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

நம் வீட்டுப் பின்பக்கத்தில் நாகம் வந்தது நீ அப்பாவின் தோளில் ஏறுகிற வயதில். அப்பா அப்போது புதுக் கணக்கப்பிள்ளை. மலையில் ஆட்களைப் பிரித்து நிறுத்துவதும் சாயங்காலம் பேர் போடுவதும் அவர் வேலை. அடித்துவிடலாம் என்று அவர் சொன்னார். நான் அழுதேன். கடைசியில் கீழே நாட்டுக்குள், சிங்களக் கிராமத்திலிருந்து, பண்டாவைக் கூட்டி வந்தார். பண்டா நமக்குப் பலாக்காயும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவருகிற மனிதர். பாம்பைப் பார்த்ததும் அவர் முகத்தில் பயமே வரவில்லை. "மே அபே நேயெக்" என்றார். இது நம் சொந்தக்காரர் என்று அர்த்தம். செத்துப்போன உறவுக்காரர் யாரோ வீட்டைப் பார்க்க ஆசைப்பட்டு இந்த ரூபத்தில் வந்திருக்கிறார், அடிக்கக் கூடாது, மரியாதையாக அனுப்ப வேண்டும் என்று அப்பாவுக்கு விளங்கப்படுத்தினார். நாணலில் பின்னிய கூடை ஒன்றின் வாயை அது இருந்த பொந்தின் வாயோடு வைத்து, நீளக் குச்சியால் தொட்டும் தொடாமலும் அதை உள்ளே போகவைத்தார். வழிச்செலவுக்கு ஒரு பிடி சோறு கேட்டார். நான் போட்டேன்.

"கறி இல்லாம திங்குமா உங்க சொந்தக்காரரு?" என்று அப்பா கேட்டார். பண்டாவும் சிரித்தார்.

பிறகு எல்லாருமாக ஆற்றுக்குப் போனோம். கூடை சுற்றிச் சுற்றிப் போனது. நீ தோளில் இருந்து, "அது எங்கப்பா போகுது?" என்று கேட்டாய். "கடலுக்கு" என்று அப்பா சொன்னார். அவரும் கடலைப் பார்த்தவரில்லை. நான் அன்றைக்கு இருந்த மாதிரி நிம்மதியாக அதற்குப் பிறகு இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். ஒரு உயிரும் போகவில்லை, யார் மனமும் நோகவில்லை என்று நினைத்தேன். உனக்கு இது வரைக்கும்தான் தெரியும், ஏனென்றால் அடுத்த பள்ளிக்கூடத் தவணையிலேயே உன்னை ஹட்டனில் மாமா வீட்டில் படிக்க விட்டோம். லீவுக்கு நீ வந்தபோது யாரும் இந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆறு நேராகக் கடலுக்கா போகிறது? நம் வீட்டுக்குக் கீழே இரண்டு திருப்பம் திரும்பினால் தோட்டத்தின் கீழ்ப் பிரிவு, கீழ்க்கணக்கு. அங்கே பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும். அந்த லயத்துப் பெண்கள் துணி துவைப்பது அந்த இடத்தில். கூடை அங்கே பாறையிடுக்கில் கவிழ்ந்து கிடந்ததை மாடு மேய்த்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அது அடுத்த வாரமே எங்கள் காதுக்கு வந்தது. 'ஐயோ, சோறு வீணாப் போச்சே' என்று அப்பா விளையாட்டாகச் சொன்னார், நானும் சிரித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த லயத்து முத்தாயி அங்கே துவைத்துவிட்டுத் தன் ஈரத்துணி மூட்டையைத் தூக்கக் கை வைத்தாள். கடித்தது நாகம் என்பதில் சந்தேகமில்லை, இன்னும் மூன்று பேர் படத்தைப் பார்த்தார்கள். தோட்டத்து லொறி டவுனுக்குப் போயிருந்தது. கம்பளியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு நாட்டுக்குள் விஷக்கடி வைத்தியர் வெத மாத்தியாவிடம் ஓடினார்கள். அவள் கண் இமை தானாக மூடிக்கொண்டே வந்ததாம். வழியெல்லாம் அவளைப் பேச வைத்துக்கொண்டு போனார்களாம். உயிர் நின்றது. வலது கையில் இரண்டு விரல் கறுத்துப்போய், அதைப் பிறகு ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள்.

அது நம் கூடையில் போன பாம்புதானா? எனக்குத் தெரியாது. கீழ்க்கணக்கில் முன்னாலேயே நாகம் இருந்திருக்கலாம். வேறொன்று வந்திருக்கலாம். இதை நான் எத்தனை தரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்று கேட்காதே. ஆனால் முத்தாயியின் மாமியாருக்குச் சந்தேகமே இல்லை. அந்த அம்மா மேட்டில் ஏறி நம் வாசலுக்கு வந்து நின்றாள். சண்டை போட வந்தவள் மாதிரி இல்லை. தண்ணீர் கேட்டாள், குடித்தாள், செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"கணக்கப்பிள்ளை அம்மா, ஒங்க சாமிய நீங்களே வச்சிக்கிட்டு இருந்திருக்கலாமே" என்றாள். "எங்களுக்கு எதுக்கு அனுப்புனீங்க? எங்களுக்குன்னு ஒரு மாரியாயி அங்கயே இருக்காளே."

அவ்வளவுதான். கீழே இறங்கிப் போய்விட்டாள். உன் அப்பா உள்ளே மேசையில் இருந்தார். அவர் எழுந்து வரவில்லை.

கொழுந்து எடுப்பதற்கு இரண்டு கையும் ஒரே ஓட்டத்தில் ஓடவேண்டும், உனக்குச் சொல்லத் தேவையில்லை. முத்தாயிக்கு வலது கை ஓடவில்லை. நிறை குறைந்தால் முழுநாள் நின்றாலும் அரைப் பேர்தான். அரைநாள் சம்பளம். அந்த அரைப் பேரைப் போடவேண்டியது யார்? உன் அப்பா. சாயங்காலம் தராசில் அவள் கொழுந்து ஏறும், பக்கத்தில் தோட்டத்துத் துரை நிற்பார், அப்பா எழுதுவார். அவர் பென்சிலைப் பிடித்துக்கொண்டு இருப்பார், அவள் விரலில்லாத கையால் சாக்கைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். பிறகு அவளைப் புல்லு வெட்டுக்கு மாற்றினார். அதற்காக இரண்டு தரம் துரையிடம் ஏச்சு வாங்கினார். வீட்டுக்கு வந்தால் என்னோடு பேசமாட்டார். நான் விளக்கேற்றினால் வெளியே போய்விடுவார்.

அதற்குப் பிறகுதான் அவர் கண்ட பாம்பையெல்லாம் அடிக்க ஆரம்பித்தார். இதையும் நீ கேட்டுக்கொள், ஏனென்றால் உன் இரண்டு கம்புக்காரர்களும் இதே ஆட்கள்தான். சாரை என்பது நாகத்தின் புருஷன், பெண்டாட்டியை அனுப்பிவிட்டால் புருஷன் பழி வாங்க வருவான் என்று லயத்தில் எவனோ சொல்லிவிட்டான். உன் அப்பா வாசிக்கத் தெரிந்தவர், அவரும் நம்பினார். நானும் நம்பினேன். சாரை நம்மை ஒன்றும் செய்யாத பாம்பு. வீட்டுக்கூரையிலும் மிலாறு விறகு அடுக்கிலும் எலி பிடித்துக்கொண்டு அதுபாட்டுக்கு இருக்கும். ஒன்றுவிடாமல் அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அதுவே வேலை. வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, "ஐயா, மாப்பிள்ள ஒருத்தன் சிக்கிட்டான்" என்று வாசலில் காட்டுவார்கள். அப்பா அவர்களுக்குச் சுருட்டு கொடுப்பார்.

அடுத்த மழைக்காலத்தில் என் அரிசிக் கணக்கு உதைத்தது. நான் அளந்து போடுகிறவள், உனக்குத் தெரியும். ஒரு சுண்டு வித்தியாசம் வந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. என் கணக்கில்தான் பிழை என்று நினைத்தேன். பிறகு சாக்கைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஓட்டை. எலி. எலி என்றால் கூரையிலும் அடுப்படியிலும் பகலிலேயே ஓடுகிற எலி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து நான் பொறுக்கி வந்த மிலாறுக் குச்சியைச் சுவரோடு சுவராக அடுக்கியிருந்தேன். அதுதான் அவற்றுக்கு வீடு. சரி, பூனை வளர்ப்போம் என்று பேசிக்கொண்டிருந்தோம். பூனைக்கு முன்னால் நாகம் வந்துவிட்டது.

உன் தங்கச்சி அப்போது தொட்டிலில். சேலையைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்ட தொட்டில். தரையிலிருந்து அரை முழம் இருக்கும். காலையில் அப்பா மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். எலியைத் துரத்திக்கொண்டு வந்தது, எலி எங்கேயோ பூந்துவிட்டது, இது தொட்டிலுக்கு அடியில் நின்றுகொண்டு படம் விரித்தது. தொட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அது ஆடுவதை இது பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். கையில் உலக்கை. நான் சொல்லவேண்டும் என்று காத்திருந்தார். அத்தனை கோபம் இருந்தும், அத்தனை பாம்பை அடித்தும், வீட்டுக்குள்ளே என் வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

"அடிங்க" என்று நான்தான் சொன்னேன். கையில் பூவை வைத்துக்கொண்டே சொன்னேன்.

அடித்த பிறகு பால் ஊற்றி, சூடம் வைத்து, பின்னால் கொண்டுபோய் எரித்தோம். அப்பா குளித்துவிட்டு மலைக்குப் போனார். அன்றைக்கே மிலாறு அடுக்கைச் சுவரிலிருந்து பிரித்து முற்றத்துக்கு அந்தப் பக்கம் போட்டேன். அரிசிக்குத் தகரப் பெட்டி வாங்கவைத்தேன். சாரையை யாரும் தொடக் கூடாது என்று அப்பாவைச் சொல்லவைத்தேன். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் நாகம் வரவில்லை. புற்றில் இருந்தது புற்றிலேயே இருந்தது.

இதையெல்லாம் எழுதிவிட்டு, வரவு செலவு மாதிரி நடுவில் கோடு போட்டு, விடு என்பதை ஒரு பக்கமும் அடி என்பதை இன்னொரு பக்கமும் எழுதிப் பார்த்தேன். நேராகவே வரவில்லை. ஒவ்வொன்றும் இரண்டு பக்கத்திலும் வருகிறது. காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அந்த நேரத்தில் முத்தாயியே வந்தாள். இப்போது அவள் பேரன்களுக்குச் சோறாக்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறாள்; எப்போதாவது கீரை கொண்டுவருவாள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள். உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள்.

"வாத்தியாரு தம்பி வீட்டுக்குக் கீழ யாரும்மா இருக்காங்க?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? லயம் ஒண்ணு இருக்குன்னு எழுதியிருக்கான். பிள்ளைங்க அங்கருந்துதான் பள்ளிக்கூடத்துக்கு ஏறி வருதாம்."

"அப்ப அந்தப் பிள்ளைங்களக் கேட்டுட்டு அனுப்பச் சொல்லுங்க. கூடைய வாங்கிக்கிறீங்களான்னு" என்றாள். பிறகு, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "அடிச்சிரச் சொல்லுங்கம்மா. இதுக்குப் போயி பேப்பர வீணாக்கிக்கிட்டு" என்றாள்.

"நீ மட்டும் வெள்ளிக்கிழமையானா புத்துக்குச் சூடம் வைக்கிற."

"வைக்கிறேன். வைக்கலேன்னா மட்டும் கடிக்காம உட்ருமா?" என்று சிரித்தாள். கை கழுவப் போகும்போது, அந்தக் கையை நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே, சேலைக்குள் மறைக்காமல் போனாள்.

தம்பி, நீ கடலுக்கு அனுப்புவதாக நினைக்கிற பாம்பு உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருகிற பாதைக்குத்தான் போகும். திங்கட்கிழமை காலையில் அவர்கள் வெறுங்காலோடு அந்த ஆற்றோரமாக ஏறி வருவார்கள். நீ டாப்பைத் திறந்து பேர் கூப்பிடுவாய். ஒரு பிள்ளை வரவில்லை என்றால் காய்ச்சலாக இருக்கும் என்று எழுதிக்கொள்வாய். அப்படி ஒரு திங்கட்கிழமை உனக்கு வரக் கூடாது. அப்பாவுக்கு வந்ததே போதும். பண்டாவின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் அன்றைக்கு மனதாரக் கும்பிட்டுத்தான் அனுப்பினார். கீழே யார் இருக்கிறார்கள் என்று கேட்கவேண்டியது நாங்கள்.

ஆகையால் கூடை வேண்டாம். புற்றில், மலையோரத்தில், அதனுடைய இடத்தில் இருந்தால் விட்டுவிடு, சுற்றிப் போ, சரசு கும்பிட்டுக்கொள்ளட்டும். சாரையைக் கண்டால் வழி விடு. ஆனால் பாப்பா தவழ்கிற படிக்கு இரண்டு எட்டில் கல்லிடுக்கில் இருக்கிறதே, அது இருக்க முடியாது. இன்னொருத்தர் வாசலுக்கும் போக முடியாது. அடித்துவிடு. எழுதிவிட்டேன். எழுதியதும் எழுந்து போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். நிற்க முடியாமல் திரும்பி வந்துவிட்டேன். ஆனாலும் அந்த வார்த்தையை நான் அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

சரசுவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுச் செய்யாதே. அவளுக்குத் தெரிந்து, பகலில் நடக்கட்டும். இரண்டு பேருக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்து அவர்கள் கையால் செய்விக்காதே. முட்டை வைப்பதை இப்போதே நிறுத்தச் சொல். அதை முழுக்க எலிதான் தின்கிறது. உன் வீட்டு மிலாறு எங்கே அடுக்கியிருக்கிறது என்று நீ எழுதவில்லை. சுவரோடுதான் இருக்கும். பிரித்துப் போடு, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கோலால் தட்டித் தட்டி. பாப்பாவைப் பின்வாசலுக்கு விடாதே. கல்கட்டின் இடுக்கை அடைப்பது பிறகு.

நாங்கள் சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருகிறோம். நாங்கள் என்று எழுதுகிறேன். நேற்று உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். வாசித்தார், மடித்து வைத்தார், வெளியே போய்விட்டார். இப்போது பின்பக்கம் கத்தி போடுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். முழங்கால் வலியோடு மேட்டில் ஏறிக் கொய்யாக் கம்பு ஒன்று வெட்டி வந்து, கணுவைச் சீவிக்கொண்டிருக்கிறார்.

"எனக்கும் டிக்கட் சேத்து எழுது" என்றார், தலையை நிமிர்த்தாமல். "அவன் வாத்தியாரு. நடுங்குவான்."

நீ நடுங்கினால் நடுங்கு, அதில் தப்பில்லை. சரசுவிடம் நான் பேசுகிறேன். எல்லாம் முடியும் வரைக்கும் நானும் அவளும் பாப்பாவோடு முன்வாசலில் இருப்போம். அதன் பிறகு அவள் பால் ஊற்றட்டும். கம்பு அப்பா கொண்டு வருகிறார். சூடம் என் பையில் இருக்கிறது.

அம்மா